நெஞ்சில் வைத்த முஷ்டி

டெல்ஃபின் இசையமைப்பவள்தான், ஆனால் ஒரு ஸ்வரம்கூட எழுதித் தரமாட்டாள். எல்லாம் மேடையில் அந்த நேரத்தில் பிறக்க வேண்டும். அவள் கைதான் பேசும். விரித்த உள்ளங்கை என்றால் 'விடாதே, தொடர்'. நெஞ்சில் வைத்த முஷ்டி என்றால் 'முடி'. வாசிப்பவர், ஆடுபவர், பக்கத்தில் நின்று படம் வரைபவர் எல்லாருக்கும் அதே பாஷை. முஷ்டியை யார் வைத்தாலும் மற்றவர்கள் நிறுத்தியாக வேண்டும்; எதிர்ப்பேச்சே கிடையாது. தென் சிகாகோவில் எங்கள் கறுப்புச் சனம் அவளைக் கிறுக்கி என்றுதான் சொல்லும். டிக்கெட்டையும் முதல் ஆளாக வாங்கும்.

அவளுக்கு டிரம்ஸ் வாசித்த புருஷன் கார்னெல், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஆஸ்பத்திரியில் கட்டையாகக் கிடந்தான். ஏதாவது ஒரு பதில் காட்டினால்தான் மேற்கொண்டு சிகிச்சை. இல்லையென்றால் வலியில்லாமல் போக விட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று கடைசியாகப் பார்க்க வருகிறார்.

டிராம்போன் ஊதும் ராஸ்கோவையும் ஆட்டக்காரி இமானியையும் டெல்ஃபின் வார்டுக்கே இழுத்து வந்துவிட்டாள். ராஸ்கோ மெல்ல ஊதினான். இமானி கால்மாட்டில் ஆடினாள். டெல்ஃபின் கட்டில் கம்பியில் தாளம் தட்டி, கார்னெல் வழக்கமாக டிரம்ஸில் பதில் சொல்லும் இடத்தில் நிறுத்தினாள். அங்கே ஒன்றும் வரவில்லை.

"டேய், சர்ச்சுல பாஸ்டர் மூச்சு வாங்கினாகூட நடுவுல பூந்து தட்டுவியே! இப்ப என்ன கொழுப்பு?"

மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒன்றுமில்லை. அவன் காதோரம் குனிந்தாள்.

"உன் கால்ல விழறேன்டா. ஒரே ஒரு தட்டு."

கார்னெலின் வலக்கை நகர்ந்தது.

"கர்த்தரே! அசையுது!" நர்ஸ் யோலாண்டா கூவினாள். "இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்!"

அவள் ஓடிய பிறகும் கை ஊர்ந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கு ஏறியது. விரல்கள் மடங்கின.

டிராம்போன் நின்றது. இமானியும் நின்றாள். டெல்ஃபின் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"டெல்ஃபின், முஷ்டி வச்சிட்டான்," என்றான் ராஸ்கோ.

"எனக்கும் கண்ணு இருக்கு. ஊது."

"நீ போட்ட சட்டம்மா அது."

"மேடைக்குப் போட்டது! ஊதுடா!"

அவன் ஊதவில்லை. வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது. டெல்ஃபின் பாய்ந்து அந்த முஷ்டியைப் பிடித்தாள். அவள் நினைத்ததைவிட அதில் பலம் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை விரித்து மெத்தையில் வைத்து அழுத்தினாள்.

"என்ன பண்ணினார்?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் வந்தார்.

"தொடரச் சொல்றான்."

ராஸ்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கைக்கு அடியில் விரல்கள் மறுபடி மடங்கப் பார்த்தன. அவள் விடவில்லை.