பதினேழாம் பக்கத்து ஆள்

லைன்மேன் எழுதிய ஒரே கதையைச் சொல்கிற ஆள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பத்திரிகையின் பதினேழாம் பக்கத்திலிருந்து இறங்கி, லைன்மேனின் மனைவியிடம் காபி கேட்டார். அவள் தபால் ஆபீசில் முகவரி பார்த்துக் கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறவள். எத்தனை சர்க்கரை என்று மட்டும் கேட்டுக் கலந்து கொடுத்தாள். கணவர் இறந்த எட்டாம் நாள் வந்த பத்திரிகை அது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி, தங்கள் வீட்டையே வைத்து மூன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கணவன் மனைவியில் ஒருவர் போய்விடுகிறார். கதை சொல்கிறவர் நாள் முழுக்க மேல் தட்டு டப்பாக்களைக் கீழ்த் தட்டுக்கு மாற்றுகிறார். தான் போனவரா, இருக்கிறவரா என்பதைப் பற்றி மட்டும் கடைசிவரை மூச்சு விடவில்லை.

இறங்கி வந்த ஆள் அந்த வீட்டிலேயே தங்கிவிட, அவர் யார் என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தும் முள் அசையாததால் செத்தவர்தான் என்றார் மருந்துக்கடைக்காரர். மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறவர் எப்படிச் செத்தவராவார் என்றாள் நாத்தனார். இரண்டு வருடத்தில் நூலகத்தில் நான்கு கைகலப்பு, ஒரு கல்யாணம் நின்று மறுபடி நடந்தது. அவளை அரித்தது வேறு: படுக்கையில் கிடந்த மனுஷன் பயந்தது தன்னை நினைத்தா, அவளை நினைத்தா? அது தெரியாமல் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஒருநாள் பதினேழாம் பக்கத்து ஆளிடமே கேட்டுவிட்டாள். “எழுதினவரே சொல்லல, எனக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். கடுகடுவென்று வேலைக்குப் போனாள். அனுப்பியவர் முகவரி கிழிந்த கடிதம் ஒன்று கைக்கு வந்தது. யார் அனுப்பினால் என்ன, யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கடிதத்தைப் பெட்டியில் போடப் போன கை அப்படியே நின்றது. லைன்மேன் ஆறடி இரண்டங்குலம். டப்பாக்களை யார் இறக்கினால் என்ன, அந்த வீட்டில் மேல் தட்டு எட்டாதது ஒருத்திக்குத்தான்.

“கிறுக்கு மனுஷா, வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல!” என்று அழுதுகொண்டே சிரித்தாள். சூப்பர்வைசர் அவளுக்கு அரை நாள் லீவு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், “நீங்க யாரா வேணா இருந்துக்கோங்க. மாடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு, எடுத்துட்டு வாங்க” என்றாள். அவர் எடுத்து வந்து மடித்தும் வைத்தார். இன்றும் அந்த வீட்டில் துணி மடிப்பது அவர்தான்.