ஊசிக்கு ஒளித்த பிள்ளை

வள்ளித்தாய் வீட்டில் ஊசிக்கு நூல் கோப்பது மாரித்தாயின் வேலை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? பகல் வெளிச்சத்தில் எறும்புக்குக்கூடச் சட்டை தைத்துவிடுகிற வள்ளித்தாய்க்குப் பொழுது அடைந்தால் கண் மங்கிவிடும். மாலைக்கண். எதிரே நிற்பது ஆளா ஆட்டுக்குட்டியா என்று குரலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கை மிஷினைச் சுற்றித் தைக்கப் பழகின விரல் போதும். ஆனால் கொக்கி வைக்கவும் பாவாடை ஓரத்தை மடித்துத் தைக்கவும் கை ஊசி வேண்டுமே.

"தாயி, கோத்துத் தா" என்பாள். மாரி நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஊசியை விளக்குக்கு நேரே பிடித்து ஒரே குத்தில் கோத்துவிடும். "கோத்தாச்சு. கூலி எங்க?" என்று கை நீட்டும். கூலி என்பது பொம்மைக்குச் சேலை கட்ட ஒரு வெட்டுத் துணி.

சூலக்கரையில் அவர்கள் தெருவில் மிஷின் உள்ள வீடு அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு அப்பன் வீட்டுச் சீராக வந்த மிஷின். புருஷன் சங்கிலிமுத்துவுக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை விடியப் போய்விடுவான். தீபாவளி சீசனில் அதுவும் கிடையாது. ஆகவே அடுப்பு, தண்ணீர்க் குடம், பிள்ளை, மிஷின் நாலும் வள்ளித்தாய் தலையில்தான். கஞ்சி பொங்கி அடுப்பு அணையும்போது அவள் கை ஒரு சட்டையின் கழுத்தை வளைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது அளவு ரவிக்கையோடு நிற்பார்கள். இரண்டு கையை வைத்துக்கொண்டு அவள் எதைத்தான் பார்ப்பாள்!

போன ஐப்பசியில், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. அவர் தலையைக் கண்டதும் தெருவே பிள்ளைகளை ஒளித்தது. வைக்கோல் படப்புக்குப் பின்னால், தானியக் குலுக்கைக்குள்ளே, இடம் கிடைத்த பக்கமெல்லாம் பிள்ளைகள். ஊசி குத்தினால் மாரியாத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று மற்றவர்களுக்குப் பயம். வள்ளித்தாய்க்கு அந்தப் பயம் இல்லை. இவள் கணக்கு வேறு. குத்தின பிள்ளைக்குக் கை வீங்கும், மூன்று நாள் காய்ச்சல் அடிக்கும், மடியை விட்டு இறங்காது. வீடு நிறையத் தீபாவளித் துணி கிடக்கிறது. மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வதா, மிஷினை வைத்துக்கொள்வதா?

மாரியைத் துணிக் குவியலுக்குப் பின்னால் தள்ளி, மேலே நாலு பாவாடைத் துணியை இழுத்துப் போட்டாள். "மூச்சு விடாத, தாயி."

"எம்மா, இந்த வீட்டுல பிள்ள இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டார் அவர்.

"ஒரு பொம்பளப் பிள்ளங்க. ஆலங்குளத்துல எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கு."

அவர் கொடியில் காய்ந்த சின்னப் பாவாடையைப் பார்த்தார். "வந்ததும் ஆபீசுக்குக் கூட்டிட்டு வாம்மா. மறந்துராத" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். துணிக் குவியல் லேசாகக் குலுங்கியது. அவர் தலை மறைந்ததும் மாரி தலையெல்லாம் நூலும் பிசிறுமாக வெளியே வந்து சிரிக்க, வள்ளித்தாயும் சேர்ந்து சிரித்தாள். வேலை முடிந்ததும் கூட்டிப் போய்க் குத்திக்கொண்டால் போகிறது என்றுதான் நினைத்தாள். தீபாவளி போனதும் தைப்பொங்கல் துணி வந்தது, அது போனதும் கல்யாண மாசத்து ரவிக்கைகள் வந்தன. ஏழை வீட்டில் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

பங்குனி பிறந்தது. விருதுநகரில் மாரியம்மன் பொங்கலுக்கு நாள் சாட்டியாகிவிட்டது. எதிர்வீட்டுப் பாலம்மாள் தன் மகளுக்கு மஞ்சள் பாவாடைக்குத் துணி எடுத்துக் கொடுத்திருந்தாள். "வேண்டுதல் பாவாட மதினி. நாள காலையில முத பஸ்ஸுக்குப் போகணும். கைய விட்றாதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள். வள்ளித்தாய் சொன்ன சொல் தவறாதவள். அதனால்தான் விருதுநகர் டவுனில் தையல்காரர்கள் இருக்க, இவள் வாசலில் ஆள் நின்றது.

மாரிக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். வெயில் காய்ச்சல் என்று சுக்கைத் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தாள். பிள்ளை தரையில் படுக்க மாட்டேன் என்று தொடையிலேயே தலையை வைத்துக்கொண்டது. மிஷின் சுற்றுகிற சத்தத்துக்குக் கண்ணை மூடும், சத்தம் நின்றால் முனகும். பாவாடை தைத்து முடித்து ஓரமும் கொக்கியும் பாக்கி இருக்கும்போது பொழுது அடைந்துவிட்டது. விளக்கை ஏற்றிவிட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். விரலில் கேப்பை மணி அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று.

பங்குனி மாசத்தில் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் அது என்னவென்று அந்தச் சீமையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, ஊசி எடுக்கவே கூடாது. இங்கே துணியில் குத்தினால் அங்கே பிள்ளையின் கண்ணில் குத்தும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த பேச்சு. வள்ளித்தாய் விரலை எடுத்துக்கொண்டாள். வேர்க்குரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல கண் இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. மாலைக்கண் அன்றைக்கு அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"தாயி, ஒரே ஒரு ஊசி கோத்துத் தாரியா?"

மாரி எழுந்து உட்கார்ந்தது. ஒரே குத்தில் கோத்துக் கொடுத்தது. கூலி கேட்காமல் மறுபடி படுத்துக்கொண்டது. வள்ளித்தாய் விரல்தடவலிலேயே ஓரத்தை மடித்துத் தைத்து, கொக்கியையும் வைத்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

விடிந்து பார்த்தால் பிள்ளையின் முகம் தெரியாமல் அம்மை முத்து. நெஞ்சு, முதுகு, உள்ளங்கை எல்லாம் முத்து. வள்ளித்தாய் கத்தவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டில் கத்தக் கூடாது. வேப்பங்கொப்பை ஒடித்துக் கொண்டுவந்து வாசல் நிலையில் செருகினாள்.

"மதினி, பாவாட ஆயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்த பாலம்மாள் வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டாள். "ஆத்தா வந்துருக்காளா?"

"ஆமா மதினி. பாவாட முடிஞ்சு இருக்கு. ஓரங்கூடத் தச்சுட்டேன்."

"அது கெடக்கட்டும். ஆத்தா இருக்கிற வீட்டுத் துணி வெளிய வரலாமா? எம்மக பழச உடுத்திட்டுப் போறா. நீங்க பிள்ளயப் பாருங்க, அழாதீக."

பாலம்மாள் இவ்வளவு நல்லவளாக இருந்திருக்க வேண்டாம். பாவாடையைக் கொடு என்று சண்டை போட்டிருந்தால்கூட, அதற்காகத்தான் தைத்தேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இப்போது அந்தப் பாவாடை யாருக்கும் ஆகாமல் கொடியில் தொங்கியது. அதன் கீழே வேப்பிலைப் படுக்கையில் மாரி கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் கைக்கு வேலையே இல்லை. மிஷினைப் பழஞ்சேலையால் மூடியாகிவிட்டது. இளநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள், வேப்பிலையால் விசிறுவாள், அரிப்பெடுத்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வாள். இத்தனை நாள் ஒரு நிமிஷம் சும்மா இருக்கக் கிடைக்காதா என்று ஏங்கினவளுக்கு, சும்மா இருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது என்று தெரிந்தது.

சனிக்கிழமை சங்கிலிமுத்து வந்தான். கையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு. தெருக் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு உள்ளே வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தான். மாரியின் இடது கண் வீங்கி ஒட்டிப்போயிருந்தது.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"உள்ள முத்து விழுந்துருக்கு. தாய்ப்பால் விடச் சொன்னாக. மேலத் தெருவுல கைப்பிள்ளக்காரி ஒருத்தி கொட்டாங்கச்சியில பீச்சி வாசல்ல வச்சுட்டுப் போறா. விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"மதுரைக்குத் தூக்கிட்டுப் போவமா? கண்ணாஸ்பத்திரி இருக்காம்ல."

"ஆத்தா இருக்கையில பிள்ளயப் பஸ்ஸுல ஏத்தலாமாங்க? கோவிச்சுக்கிட்டா மறு கண்ணும் போயிருமே."

கூட்டிப் போனால் தப்பா, போகாவிட்டால் தப்பா என்று சொல்ல அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் பிள்ளையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விசிறினார்கள். கடைசியில் வள்ளித்தாய் வாயைத் திறந்தாள்.

"நான் ஊசி எடுத்துட்டேங்க. நெத்தியில முத்து தட்டுப்பட்ட பெறகும் எடுத்துட்டேன். இவ கையாலயே கோக்க வச்சேன்."

சங்கிலிமுத்து அவளை அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் விசிறுவதை மட்டும் நிறுத்தினான். "வேற யார்கிட்டயும் சொல்லாத" என்றான். "ஆத்தாகிட்ட மட்டும் சொல்லு. வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்துறேன்னு நேந்துக்க." திங்கட்கிழமை விடியக் கம்பெனிக்குப் போய்விட்டான். போகாமல் இங்கே உட்கார்ந்து அவன்தான் என்ன செய்துவிட முடியும்?

உயிருக்கு மோசம் வரவில்லை. ஆத்தா இறங்கினாள். மூன்றாம் தண்ணீரும் தலைக்கு ஊற்றியாயிற்று. முகமெல்லாம் தழும்பு. இடது கண் திறந்தது. கருமணியின் மேல் சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளை படிந்திருந்தது. முத்துக் காய்ந்த பக்கு உதிர்கிற மாதிரி அதுவும் உதிர்ந்துவிடும் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். வள்ளித்தாய் தினமும் விடிந்ததும் பிள்ளையின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

தெருவில் அம்மை கண்டதைக் கேள்விப்பட்டு அந்தக் காக்கிச் சட்டைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை யாரும் பிள்ளைகளை ஒளிக்கவில்லை. மாரியின் முகத்தைப் பார்த்த தெரு, ஆத்தாவின் கோபத்தையும் மறந்து வரிசையில் நின்றது. வள்ளித்தாயும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற மாதிரி மாரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். சட்டைக் கையை ஏற்றி இரண்டு தோளையும் பார்த்தார். குத்தின தடம் இல்லை.

"ஆலங்குளத்துல இருந்து எப்பம்மா வந்துச்சு?"

வள்ளித்தாய் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இனி இதுக்கு வேண்டாம்மா. ஒரு தரம் வந்தா மறு தரம் வராது" என்று சட்டைக் கையை அவரே இறக்கிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அவள் மனசில் இரண்டு ஊசியும் குத்திக்கொண்டே இருந்தன. எடுக்கக் கூடாத நேரத்தில் எடுத்த ஊசியா, குத்த வேண்டிய நேரத்தில் குத்தவிடாத ஊசியா, பிள்ளையின் கண்ணைக் கெடுத்தது எது? எதுவானால் என்ன! இரண்டையும் செய்தவள் அவள்தான். இரண்டையும் அடுத்தவள் வீட்டுத் துணிக்காகச் செய்தாள்.

சித்திரையில் பாலம்மாள் ஒரு ரவிக்கைத் துணியோடு வந்தாள். "நீங்க தச்சாத்தான் எனக்கு உடுத்துன மாதிரி இருக்கும் மதினி" என்று வலியக் கொடுத்துவிட்டுப் போனாள். வள்ளித்தாய் மிஷினை மூடின சேலையை எடுத்துவிட்டு, துடைத்துப் பொட்டு வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். சத்தம் கேட்டதும் மாரி ஓடிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொக்கி மட்டும் பாக்கி.

"குடும்மா, நான் கோக்கேன்" என்று ஊசியைப் பிடுங்கியது மாரி. நூல் நுனியை நாக்கில் நனைத்தது. விளக்குக்கு நேரே பிடித்துக் குத்தியது. நூல் ஊசிக்கு முன்னால் போயிற்று. மறுபடி குத்தியது. ஊசிக்குப் பின்னால் போயிற்று. மறுபடி நனைத்தது, மறுபடி குத்தியது.

"எம்மா, இந்த ஊசிக்குக் காதே இல்ல."

வள்ளித்தாய் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கின் பக்கம் அதன் முகத்தைத் திருப்பினாள். இத்தனை நாள் செய்யத் துணியாததை அப்போது செய்தாள். உள்ளங்கையால் மாரியின் வலது கண்ணை மெல்ல மூடினாள்.

"ஏம்மா வெளக்க அமத்திட்ட?" என்றது பிள்ளை.

வள்ளித்தாய் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

"நான் அமத்தல தாயி. காத்துல அமந்துபோச்சு. இந்தா, பொருத்திட்டேன் பாரு" என்றாள்.

"இப்பத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, மாரி நூல் நுனியை மறுபடி நாக்கில் நனைத்தது.