பாக்கி ஞாயிறுகள்

தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளில்தான் அவள் கணவருக்குச் செலவுப் பணம் கொடுத்தாள். உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சாகியிருக்கும். காலைக் கட்டத்தில் டிக் இருந்தால் பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும். மதியத்தில் இருந்தால் அன்று சாப்பாடு கட்டிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இரவுக் கட்டத்தில் அவள் டிக் அடித்ததே இல்லை.

"டாக்டரம்மா, டோஸ் கம்மியா இருக்கே," என்பார் அவர், உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து.

"நோய் அப்படி."

கல்லூரியில் படிக்கும் மகள் சிரிப்பாள். சம்பள நாள் சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவதற்குச் சட்டசபை என்று பெயர் வைத்தவள் அவள்தான். வாடகை, மின்சாரம், காஸ், கல்லூரிக் கட்டணம், மளிகை, கடன் தவணை என்று அம்மா பிரித்து வைப்பாள். அப்பா எதிர்க்கட்சி. ஒரு முறை செருப்புக்கு மானியம் கேட்டார். கிடைக்கவில்லை. வெளிநடப்பு செய்தார். செருப்பு அறுந்திருந்ததால் வாசல் வரைதான் போக முடிந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பவர். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து உதிரிபாகக் கடை போடக் கடன் வாங்கினார். கடை படுத்துவிட்டது, நண்பர் ஊரை விட்டே போய்விட்டார். இரண்டு வருடம் அதை வீட்டில் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் அவள் தன் சம்பளத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது வட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. மருந்தாளுநர் படிப்பு படிக்கலாம் என்று அவள் தனியாகச் சேர்த்து வைத்திருந்ததும் அதோடு போயிற்று.

விஷயம் வெளியே வந்தது கடன் கம்பெனியின் வசூல்காரரால். கழுத்தில் டை கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கே வந்து, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, அவள் கணவரின் பெயரையும் தவணைப் பாக்கியையும் உரக்கச் சொன்னார். இருமல் மருந்துக்கு வந்தவர்கள் இருமுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் கணவருக்குப் போன் செய்தாள். அவர் கையில் கிரீஸ் அப்பியபடியே ஓடி வந்தார். வந்ததும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அவகிட்ட ஏன் சார் பேசுறீங்க? அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. எங்கிட்ட பேசுங்க."

அவள் அப்போது ஒரு பெரியவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துச் சரியாகக் கொடுத்தாள். கடனைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "இனிமே உங்க சம்பளம் என் கைக்கு வரணும்," என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவளுக்குக் கணக்குப் புரியாது என்று கடையில் சொன்னது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கு அது மறக்கவே இல்லை. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, அது தானாக வந்து பக்கத்தில் உட்காரும்.

வீடு சுருங்கியது. டிவி இணைப்பு போயிற்று. தேய்ந்த சோப்புத் துண்டுகள் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டப்பட்டன. பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்தார்கள். அவர் சிகரெட்டை விட்டார், அல்லது உறைகள் விட வைத்தன. முடிவெட்டும் செலவை மிச்சம் பிடிக்க, அவள் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவர் தோளில் துண்டைப் போர்த்தித் தானே வெட்டினாள். கத்தரிக்கோலைப் பிடித்தபடி அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பாள்.

"என்ன, முடிஞ்சுதா?"

"ஆடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் வேலைக்குப் போனார். ஆரஞ்சு நிறச் சட்டையும் விசிலுமாகப் பகல் முழுக்க வெயிலில் நின்று கார்களுக்கு இடம் காட்டும் வேலை. அந்த வேலையைத் தேடிப் பிடித்து வந்தவளும் அவள்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். சிக்கனம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். உள்ளுக்குள் அதற்கு வேறு பெயர் இருந்தது.

கடன் அவர் நினைத்ததைவிடச் சீக்கிரமே தீர்ந்தது. கடையில் மாலை வேலையும் சேர்த்துப் பார்த்து, அதில் வந்ததை அசலில் கட்டிக்கொண்டே வந்திருந்தாள். ஒரு மத்தியானம் வசூல்காரர் போன் செய்தார். "மேடம், முடிஞ்சுது. இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல." அவள் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தவர் கணவர்தான், அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் நல்ல பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கினாள்.

படியேறும்போதே அவர் குரல் கேட்டது. யாரோ சிநேகிதரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் கேக்குற? மருந்துக்கடையில இருந்து இருந்து, மனுஷனையே மாத்திரை ஆக்கிட்டா. ஒரு டீ குடிக்கணும்னா சீட்டு வேணும்." மறுமுனை ஏதோ சொல்லியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கடன் வாங்கினப்ப கூட இவ்வளவு கஷ்டம் இல்லடா."

அவள் வாசலில் நின்றாள். பிறகு பிஸ்கட் பாக்கெட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனாள். சொல்வதற்கு இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு மாதம் நீண்டது. சட்டசபை வழக்கம்போலக் கூடியது. தவணைப் பணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள், மறுநாள் தன் கணக்கில் போட்டாள். அதிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. அதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். எடுத்திருந்தால் திருட்டாகியிருக்கும். எடுக்காதவரை அது நியாயம் என்று தோன்றியது. இரண்டு வருடம் தன்னை இருட்டில் வைத்தவரை அதே இருட்டில் உட்கார வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் அவர் ஒவ்வொரு கூட்டத்திலும், "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்பார். எப்போதோ அதைக் கேட்பதை நிறுத்தியிருந்தார். அலுத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள்.

அவர் முழங்கால் வீங்கியது. ஞாயிறு சாயங்காலங்களில் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பாவ விட்டுடேன்," என்றாள் மகள். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே படியேற முடியாம நிக்கிறார். பாக்குறவங்க சிரிக்கிறாங்க."

"கடன் முடியட்டும்."

அவர் காலை நீட்டி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அதை அவள் அப்போது கவனித்திருக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடத்துக்குத் துணியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒரு சம்பள நாள். வசூல்காரர் கடைக்கு வந்தார், இம்முறை டை இல்லாமல், கைக்குழந்தையோடு. குழந்தைக்குச் சளி. அவள் சொட்டு மருந்தை எடுத்து எத்தனை சொட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார் எப்படி இருக்காரு? இன்னும் பார்க்கிங்கில நிக்கிறாரே! கடன்தான் முடிஞ்சுதே, வீட்டுல ரெஸ்ட் எடுங்கன்னு அப்பவே சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க முடிச்ச அடுத்த ஞாயித்துக்கிழமையே. குடும்பத்தோட அங்க ஷாப்பிங் போயிருந்தோம். கையைப் பிடிச்சு வாழ்த்து சொன்னேன் மேடம். சார் என்னமோ ஒண்ணுமே பேசாம நின்னாரு. ரொம்ப சந்தோஷப்பட்டா சிலருக்கு அப்படித்தான் ஆகும்."

அவள் சொட்டு மருந்தை உறையில் போட்டு, மூன்று கட்டத்திலும் டிக் அடித்துக் கொடுத்தாள்.

வீடு வரும்வரை அவளுக்குக் கோபம் யார் மேல் என்று பிடிபடவில்லை. இத்தனை நாள் அவள் ஊட்டிய கசப்பை, கசப்பு என்று தெரிந்தே ஒருவர் வாங்கிக் குடித்திருக்கிறார். அப்படியென்றால் அவள் யாரைப் பழிவாங்கினாள்? கையில் வைத்திருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்தார்கள். அவள் வாடகையைப் பிரித்தாள். மின்சாரத்தைப் பிரித்தாள். தவணை இருக்க வேண்டிய இடத்தில் கை நின்றது. மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"கடன் முடிஞ்சிடுச்சு," என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரியும்னு தெரியும்."

"அட," என்றார் அவர். "டை வந்தாரா?"

"ஏன் கேக்கல?"

அவர் முழங்காலைத் தடவினார். "முதல்ல நல்லாக் கோவம் வந்துச்சு. சண்டை போடணும்னுதான் வந்தேன். வர்ற வழியில யோசிச்சேன். நான் ரெண்டு வருஷம் சொல்லாம வச்சிருந்தேன். சரி, நீ எத்தன நாள் வச்சிருக்கேன்னு பார்ப்போம்னு இருந்துட்டேன்."

"பார்த்தாச்சா?"

"பத்தொம்பது ஞாயித்துக்கிழமை." எழுதி வைத்ததைப் படிப்பவரைப் போல அல்லாமல், பெயர் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். "என் பாக்கிய நான் முழுசாக் கட்டிட்டேன். அதுக்கு மேல நான் நின்னது பத்தொம்பது. அது உன் பேர்ல இருக்கு."

"பணம் அப்படியே இருக்கு. ஒரு பைசா தொடல. எடுத்துக்கோங்க."

"பணம் யாருக்கு வேணும்? நான் பணமா கொடுத்தேன்? நின்னு கொடுத்தேன்." அவர் சிரிக்கவில்லை. "நின்னு தீரு."

"பார்க்கிங்கிலயா?" என்றாள் மகள். "அப்பா, விளையாடாதீங்க. அம்மா, நீயாவது ஒரு வார்த்தை..."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னிப்பு என்ற சொல் மேசையின் நடுவில், வாடகைப் பணத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். இருவருமே எடுக்கவில்லை.

"சட்டையத் துவைச்சு வைங்க," என்றாள் அவள். "வேர்வை நாத்தம் எனக்கு ஆகாது."

"இந்த வீட்டுல ஒருத்தருக்காவது மூளை சரியா இருக்கா?" என்று மகள் எழுந்து போனாள்.

ஞாயிறு காலை சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "லிஃப்ட்காரர் சம்சாரமா? கால் சரியாகுற வரைக்கும் நீங்க வருவீங்கன்னாரு. அக்கா, ஒண்ணே ஒண்ணு. கையக் காட்டினா தைரியமாக் காட்டணும். தயங்கினீங்கன்னா இடிச்சிடுவானுங்க."

துவைத்த சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் தார்த்தரை சூடு கக்க ஆரம்பித்தது. செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. உட்கார ஓரிடமும் இல்லை. இருந்த ஒரே நிழல் விளக்குக் கம்பத்தினுடையது. அது ஒரு ஆள் அகலம்கூட இல்லை, அதுவும் நகர்ந்துகொண்டே இருந்தது. காருக்குள் இருப்பவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவன் ஹாரனை அடித்தே அவளை ஓரமாகத் தள்ளினான். மத்தியானத்துக்குள் முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு இழுத்தது. அவர் கால் எப்படி வீங்கியது என்று இப்போது தெரிந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. பாக்கி தான் நினைத்ததைவிடப் பெரிது என்பதுதான் உறைத்தது. பெரிதாக இருந்தால் என்ன? கட்டிவிடுவாள். ஒரு ஞாயிறு, அரை ஞாயிறுகூட அவர் கையில் மிச்சம் விடமாட்டாள். வயதான காலத்தில் ஒருநாள் அவர் வாயெடுத்து, "அன்னிக்கு நான் வெயில்ல நின்னேனே," என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம்கூடத் தரமாட்டாள்.

மூன்று மணிக்கு அவரைப் பார்த்தாள். வளாகத்தின் ஓரத்தில், ஜூஸ் கடைக் குடையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். பக்கத்தில் மகள், எந்தப் பக்கமும் பார்க்க விரும்பாதவளாக உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சினிமா பார்ப்பவரைப் போல வசதியாக, அவசரமில்லாமல். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் கண்ணாடி டம்ளரைச் சற்றே உயர்த்திக் காட்டிவிட்டு ஒரு வாய் குடித்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது வாயிலில் ஒரு சாமான் வண்டி நுழைந்தது. வீடு மாற்றுகிறவர்கள் பிடிக்கிற, ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற பெட்டி வண்டி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "எங்கக்கா போடுறது?" என்றார்.

அவள் விசில் ஊதினாள். தைரியமாகக் கையைக் காட்டினாள்.

"நேரா வாங்க. இன்னும். இன்னும். லேசா இடது பக்கம். அந்தக் குடைக்கு முன்னாடி."

"அங்க கோடே போடலியே?"

"நான் சொல்றேன்ல. வாங்க. போதும். அங்கயே நிறுத்துங்க."

எஞ்சின் அணைந்தது. குடை, டம்ளர், நீட்டிய கால் எல்லாம் தகரச் சுவருக்குப் பின்னால் மறைந்தன. அவள் கையை இறக்கினாள். ஒரு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வண்டிக்குப் பின்னாலிருந்து, பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

அவள் வாயில் பக்கம் திரும்பி, அடுத்த பெரிய வண்டி வருகிறதா என்று பார்த்தாள்.