நாற்பது நாள் உப்பு

கோட்டாறில் சபூராவின் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார்கள். தொட்டி என்றால் மேசைமேல் வைக்கிற சாமான் இல்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் அலமாரிக்கென்று கொத்தனார் விட்டுவைத்த இடம் இரண்டடி அகலம்தான். அகலத்துக்குப் போக வழியில்லை என்றதும் அவள் உயரத்துக்குப் போய்விட்டாள். நாலடி ஆழம், நானூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீர், உள்ளே பவளம். நம் கடலில் பெயர்த்தது ஒரு துண்டு கிடையாது, எல்லாம் சென்னைக் கடையில் பில்லோடு வாங்கிய வளர்ப்புப் பவளம் என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

அத்தனை ஆழத்தில் பவளம் வளர்ப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? தோள் வரைக்கும் கையை விட்டாலும் அடி எட்டாது. ஏணியில் ஏறி, நீளமான இடுக்கியால்தான் எதையும் தொட வேண்டும். வெளிச்சம் கீழே போகப் போக மங்கும் என்பதால் வெளிச்சம் கேட்கிற தோல் பவளம் மேல்தட்டில், மங்கலிலும் பிழைத்துக்கொள்ளும் காளான் பவளம் அடியில். அடித்தண்ணீர் அசையாமல் கிடந்து கெட்டுப்போகாதிருக்க அங்கே தனியாக ஒரு பம்ப். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. தினமும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு, உப்பை லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமிலேயே நிறுத்த வேண்டும். அதைப் பார்க்க விரல் நீளத்தில் ஒரு கருவி உண்டு. நீண்ட குழாயை அடிவரை விட்டுத் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்தில் கண்ணோடு சேர்த்துப் பிடித்தால் எண் தெரியும்.

ஆறு வருஷமாக இதையெல்லாம் அவள் ஒருத்தியாகத்தான் செய்தாள். புருஷன் முகம்மது ஷரீஃப் சவுதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தொட்டிப் பக்கம் திரும்பினால், "கறிக்கும் ஆவாது, கண்ணுக்கும் ஆவாது. இதுக்கு இம்புட்டு கரண்டா?" என்பதோடு சரி.

அப்போதுதான் சார்ஜாவில் இருக்கும் மகள் தஸ்ரினுக்குப் பிள்ளை பிறந்தது. மாமியார் இல்லாத வீடு. உம்மா போகாமல் முடியுமா? போகிற அன்று டாக்சி வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க, சபூரா கடைசியாக ஒருமுறை உப்பு பார்த்தாள். எதை எப்போது செய்ய வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். ஷரீஃப் தலையை ஆட்டினார். அவள் அதை நம்பவில்லை.

ஆனால் மூன்றாம் நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் வந்துவிடும். "35 சபூரா." மறுநாள் "35 சபூரா." இடையிடையே "36 சபூரா, என்ன செய்யட்டும்?" அவள் உருகிப்போனாள். தொட்டித் தண்ணீரில் பத்து லிட்டர் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் பத்து லிட்டர் ஊற்றுங்கள் என்று பதில் போடுவாள். "ஊத்தியாச்சு" என்று வரும். அந்த மனுஷன் ஏணியில் ஏறி, குழாயை விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் பார்ப்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். மருமகனிடம் போனைக் காட்டிப் பெருமையடித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவிய எனக்காவ செஞ்ச மொதல் வேலை இதுதான்" என்றாள். தஸ்ரின் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

நாற்பது முடிந்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, மதியத்துக்கு வீடு வந்தாள். புர்காவைக் கழற்றக்கூட இல்லை, நேரே தொட்டிக்குத்தான் போனாள்.

போனவள் அப்படியே நின்றாள். ஆறு வருஷத்தில் ஆப்பச்சட்டி அளவுக்கு விரிந்திருந்த தோல் பவளம் சுருண்டு, மேலே வெள்ளைப் படலம் பூத்துக் கிடந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி அடியைப் பார்த்தாள். காளான் பவளம் இருந்த பாறையில் கொழகொழவென்று என்னவோ வழிந்துகொண்டிருந்தது. அதன் துணுக்குகளைப் பம்ப் சுழற்றிச் சுழற்றி அடித்தது.

"இது எப்ப ஆச்சு?"

"ரெண்டு நாளாத்தான் ஒரு மாதிரி..."

"உப்பு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு. காலையில பாத்தனே."

முப்பத்தைந்து என்றால் உப்பில் குற்றமில்லை. கரண்ட் போயிருக்கும், தண்ணீர் சூடாகியிருக்கும் என்று நினைத்தாள். பம்பைத் திட்டினாள். அடிக்கிற வெயிலைத் திட்டினாள். கடைசியில், தொட்டியை விட்டுவிட்டுப் போன தன்னையே திட்டினாள். ஒரு வார்த்தை அவரைச் சொல்லவில்லை. பாவம், தனியாக என்ன பாடுபட்டாரோ என்றுகூட நினைத்தாள்.

ஓதுகிற தஸ்பீஹ் மணியைப் பெட்டியில் தேடியவள், போனதிலிருந்து தொடாத வெளி ஜிப்பையும் திறந்துபார்த்தாள். கைக்கு வந்தது ஒரு சின்னக் கறுப்பு டப்பா. உப்பு பார்க்கிற கருவி. போகிற அவசரத்தில் அவளேதான் அதற்குள் திணித்திருக்கிறாள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கருவி கடல் தாண்டிப் போய்விட்டது. அப்படியானால் இங்கே தினமும் ஏழு மணிக்கு எதில் பார்த்தார்?

"இஞ்ச வாருங்க."

ஷரீஃப் வந்தார். டப்பாவைப் பார்த்தார். பேந்தப் பேந்த முழித்தார்.

"இது எங்கிட்ட இருந்துச்சு. நீங்க எதுல பாத்திய?"

"ரெண்டாம் நாளே தேடுனேன் சபூரா. நாகர்கோயில்ல ரெண்டு கடையில கேட்டேன். இல்லன்னுட்டான்."

"அப்ப அந்த முப்பத்தஞ்சு?"

"நீதான் முப்பத்தஞ்சுல நிக்கணும்ன..."

"முப்பத்தாறு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரே நம்பரா போட்டா நீ சந்தேகப்படுவேல்லா."

தினமும் முப்பத்தைந்து என்றே அனுப்பியிருந்தால் சோம்பேறித்தனம் என்று விட்டிருப்பாள். இது உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பொய்.

"முப்பத்தாறுன்னு நீங்க போட்டப்பெல்லாம் பத்து லிட்டர் நல்ல தண்ணி ஊத்தச் சொன்னேனே. அத ஊத்துனியளா?"

"நீ சொன்னத நான் செய்யாம இருப்பனா?"

யா அல்லாஹ்! என்ன விசுவாசம், என்ன விசுவாசம்! போனை எடுத்து எண்ணினாள். பத்து தடவை. நூறு லிட்டர் நல்ல தண்ணீர். ஏணியில் ஏறி அடித்தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு. அவர் வாய்க்கு வந்த எண்ணை அனுப்ப, சார்ஜாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் தன் கையாலேயே தன் பவளத்துக்கு நாள் குறித்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல? டப்பாவக் காணலன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல என்ன முட்டு ஒங்களுக்கு?"

அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது. தஸ்ரின். ஷரீஃப் பாய்ந்து போனை எடுத்தார். "உம்மா வந்தாச்சு மக்களே, எல்லாம் நல்லா இருக்கு, பைய கூப்புடு..." சபூரா ஏணியிலிருந்து இறங்கி, போனைப் பிடுங்கினாள்.

"ஒண்ணும் நல்லா இல்ல. எல்லாம் செத்துப்போச்சு. ஒங்க வாப்பா நாப்பது நாளா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காரு. கருவியே எம் பெட்டியில கெடக்கு, இவரு உப்பு பாத்தாராம்!"

மகள் அழுவாள், வாப்பாவை நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். தஸ்ரின் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"வாப்பாவ ஏசாதீங்க உம்மா. நாந்தான் சொல்லாதீங்கன்னேன்."

"என்ன?"

"ரெண்டாம் நாளே வாப்பா எனக்கு போன் போட்டாங்க. உம்மா பெட்டியில இருக்கான்னு பாருன்னாங்க. நீங்க குளிச்சிட்டு இருந்திய. பாத்தேன். இருந்துச்சு."

"எடுத்துத் தர வேண்டியதுதானே?"

"திரும்ப வச்சு ஜிப்ப மூடிட்டேன்."

சபூரா படியில் உட்கார்ந்தாள். பெருமையடித்த காலையெல்லாம் தஸ்ரின் குனிந்திருந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தெரிஞ்சா நீங்க அடுத்த பிளைட்ல ஓடிருவியன்னு பயமா இருந்துச்சு உம்மா. எனக்குத் தையல் போட்டு நாலு நாள்தான் ஆயிருந்துச்சு. ஒங்களுக்குத்தான் அந்தத் தொட்டின்னா உசிராச்சே. நான் வேற என்ன செய்ய?"

"கேட்டிருக்கலாம்" என்றாள் சபூரா. "வாரத்துக்கு நாலு பேரு அங்கேர்ந்து கோட்டாத்துக்கு வாரான். ஒருத்தன் கையில அந்த டப்பாவக் குடுத்துவிட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. தொட்டி மொத்தமும் செத்தாலும் நான் அங்கேர்ந்து அசைஞ்சிருக்க மாட்டேன். பச்ச ஒடம்புக்காரி ஒன்னையும் பிள்ளையையும் போட்டுட்டு, இந்தப் பாசிக்காவ ஓடி வந்திருவேன்னா நெனச்ச? இத்தன வருசத்துல ஒங்க உம்மாவ நீ அப்பிடியா பாத்து வச்சிருக்க?"

திரையில் தஸ்ரின் கண் ஒரு நொடி வாப்பா நிற்கும் பக்கம் போய்த் திரும்பியது.

"அப்பிடியெல்லாம் இல்ல உம்மா" என்றாள்.

வந்ததும் வராததுமாக உப்பு எவ்வளவு என்று கேட்டபோது ஷரீஃப் முப்பத்தைந்து என்று சொன்னாரே, அதே குரல். சபூரா போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புர்காவைக் கழற்றப் போனாள்.