வெளிவாசல் சாத்திய பிறகும்

ஆசிப் மௌத்தான பிறகும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நடக்கும் குடும்ப வீடியோ கூட்டத்தில் அவன் பெயர் எங்கள் டிவியில் வந்துகொண்டிருந்தது. முகம் கிடையாது, குரல் கிடையாது. கறுப்புக் கட்டம், அதன் அடியில் பெயர்.

என் மகன் வெளிநாட்டில் கம்பெனி கேம்ப்பில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள். மய்யித்தின் முகத்தைப் பார்க்காததால் என் மனைவி பத்ருன்னிசா நம்பவில்லை. "மௌத்தானவன் பேரு எப்படிங்க வரும்?" என்பாள். அந்தப் பெயரைப் பார்த்த நாளில்தான் அவளுக்குச் சோறு. மற்ற நாளில் கஞ்சித் தண்ணீர். இப்படியே போனால் அவளையும் தூக்கிப்போட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வீடியோ கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் என் தங்கை மகன் முகமது அனஸ். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வேலை. பிள்ளைகள் இருக்கிற வளைகுடா நாடுகளில் பேசுகிற ஆப்பையெல்லாம் அடைத்து வைக்கிறார்கள் என்று, எங்கள் மாடியில் ஒரு சர்வர் பெட்டியை வைத்துக் குடும்பத்துக்கு மட்டும் ஓடவிட்டான். எவனாவது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வாய் என்று அன்றைக்கே கேட்டேன்.

"ஃபயர்வால் இருக்கு மாமா."

வெங்காய மண்டிக்கு நான் எழுப்பிய சுவரைப் பார்த்திருக்கிறேன், தட்டியும் பார்த்திருக்கிறேன். இது கண்ணுக்குத் தெரியாத சுவர். அதில் நம்பர் போட்ட வாசல்கள். போர்ட் என்பான். நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசலில் பெயர் வரும். பத்தாயிரமாவது வாசலில் படமும் பேச்சும் வரும். ஆசிப் இருந்த கேம்ப்பில் இரண்டாவதை அடைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் அவனுக்குப் பெயர் மட்டும்தான் வரும். அதுதான் அவன் சலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அம்மா எனக்குச் சோறு போடுவாள்.

அவன் சாமான்கள் கார்கோவில் வந்தன. பெட்டி அப்படியே மருமகள் ஃபஹ்மிதாவிடம் போனது. புருஷன் மௌத்துக்கு இருக்கிற இத்தாவில் அவள் பின்னறையோடு இருந்தாள். நாள் முடியும்வரை அன்னிய ஆண் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, அனஸும்தான். பெட்டியில் போன் இருக்கிறதா என்று திரைக்கு வெளியே நின்று கேட்டேன். இல்லை என்றாள்.

"எவனோ திருடன் அவன் போனை வச்சிக்கிட்டு வெளாடுறான்டா" என்றேன் அனஸிடம். "வாசலைச் சாத்து."

"சாத்துனா எல்லாருக்கும் போயிடும் மாமா."

"போவட்டும். மாமி கண்ணு முன்னால சாத்து."

அடுத்த வெள்ளிக்கிழமை டிவி நிறைய முகங்கள். துபாயிலிருந்து என் மகள் மர்ஜியா, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புக் கட்டம் மூலையில் இருந்தது. அனஸ் லேப்டாப்பில் தட்டினான். மர்ஜியா திறந்த வாயோடு அப்படியே நின்றாள். மறுபடி தட்டினான். ஒவ்வொரு முகமாகப் போனது. மர்ஜியாவும் போனாள்.

ஆசிப் போகவில்லை.

டிவி முழுக்கக் கறுப்பு. நடுவில் அவன் பெயர்.

"பாருங்க" என்றாள் பத்ருன்னிசா. "எல்லாரும் போயிட்டாங்க. எம்புள்ள போவல."

அனஸின் விரல் லேப்டாப்பில் அப்படியே இருந்தது. "மாமா, எல்லா வாசலையும் சாத்திட்டேன். வெளியிலருந்து ஒரு ஈ வர முடியாது."

"அப்ப இது?"

"உள்ளருந்து வருது. இந்த வூட்டு வைஃபையிலருந்து."

பின்னறைக்குப் போய்த் திரையை விலக்கினேன். ஃபஹ்மிதா தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆசிப்பின் போன்.

"பெட்டி வந்த மொத வாரம் நான் ஒண்ணும் செய்யல மாமா" என்றாள். "சார்ஜுதான் போட்டேன். அதுவாவே கூட்டத்துக்குள்ள போயிடுச்சு. அன்னிக்கு மாமி சோறு தின்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நான்தான்."

போனை வாங்கி அணைத்தேன். சூடாக இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். டிவியில் பெயர் அப்படியே இருந்தது.

மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. "அது வெளிய இருந்து வரல பத்ரு. இந்த வூட்டுக்குள்ளருந்து வருது. யாருன்னா..."

அவள் கையைத் தூக்கினாள். "வூட்டுக்குள்ளயா?"

"ஆமா."

டிவியையே பார்த்தாள். "டிக்கெட் போட்டா மொத வேலையா எனக்குச் சொல்லுவான். சொல்லாம கொள்ளாம வந்திருக்கான்னா, மௌத்தாகித்தான் வந்திருக்கான்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னா லில்லாஹி" என்று ஆரம்பித்தாள். மௌத்துச் செய்தி வந்த அன்று அவள் சொல்ல மறுத்த வார்த்தை. முழுக்கச் சொல்லி முடித்தாள். பிறகு அழுதாள். அழுகை அடங்கியதும், "ஹஜரத்த வரச் சொல்லுங்க, பாத்திஹா ஓதணும்" என்று எழுந்து, சீரகச் சம்பா இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். ஃபஹ்மிதாவின் பெயர் என் வாயிலேயே நின்றுவிட்டது.

"தொறந்து வுடவா மாமா?" என்றான் அனஸ்.

"தொறந்து வுடு. அங்க புள்ளைங்க பயந்திருக்கும்."

முகங்கள் திரும்பி வந்தன. "என்னாச்சு அத்தா?" என்றாள் மர்ஜியா. நான் அனஸுக்கு மூலையைக் காட்டினேன். கறுப்புக் கட்டம் அப்படியே இருந்தது.

"போனை அணைச்சுட்டேனேடா."

"அணைச்சாலும் கொஞ்ச நேரம் நிக்கும் மாமா. தானா போயிடும்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு ஆறியிருந்தது. சமையல்கட்டில் அவள் அரிசி களைகிற சத்தம் கேட்டது. அனஸ் சொன்னதை நான் நம்பவில்லை. அங்கேயே நின்று அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.