நாலரை அங்குலம்

மூத்தவளுக்கு வீம்பு அதிகம். தங்கை வீட்டை விட்டுப் போய் இருபது நாளாகியும் அவள் ஒரு போன் பண்ணவில்லை. "போனவளுக்கே இல்லாத அக்கறை எனக்கு எதுக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவர் பேசாமல் நின்றது. இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் உடனே ஒரு பதில் வந்துகொண்டிருந்தது.

கணவனை இழந்த தங்கை கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து, இருவரும் முன்னறையில் தையல் வேலை செய்தார்கள். மூத்தவள் அளவெடுத்து வெட்டுவாள். சின்னவள் மிஷினில் உட்கார்ந்து தைப்பாள். ஒருத்தி வேலையில் இன்னொருத்தி கை வைப்பதில்லை. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, நகரத்தின் மறுகோடியில் தனிக்குடித்தனம் போய்விட்டான்.

சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வாடிக்கைக்காரி ஒருத்தி தையலைப் பாராட்டினாள். மூத்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் தங்கச்சிக்குக் கை கனம். துணியை உள்ளே தள்ளித் தள்ளித் தைப்பா. நான்தான் அதுக்குத் தகுந்த மாதிரி கூடுதலா விட்டு வெட்டுறேன். இல்லேன்னா யாருக்கும் சட்டை உடம்புல ஏறாது" என்று சொல்லிச் சிரித்தாள். வாடிக்கைக்காரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சின்னவள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்றாம் நாள் பெட்டியோடு மகன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"மிஷின் என்னோடது. அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று மகனிடமிருந்து தகவல் வந்தது. "அம்மாவும் கூட வராங்க பெரியம்மா" என்றான்.

அதைக் கேட்டதும் மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கட்டிலுக்கடியிலிருந்து துணிமூட்டையை இழுத்தாள். வருடக்கணக்காகத் தைத்ததில் மிஞ்சிய துண்டுகளைச் சதுரமாக வெட்டி இருவரும் ஒரு போர்வை தைக்க ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிச் சீருடையின் நீலம், யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் வாடாமல்லி நிறம், உடம்பு இளைத்துப்போனவர் வேண்டாமென்று விட்டுப்போன கட்டம்போட்ட சட்டை. வரிசைக்குப் பத்துச் சதுரம், ஒன்பது வரிசை. ஐந்து வரிசையைச் சின்னவள் முடித்திருந்தாள். மீதி நாலையும் தானே வெட்டித் தைத்து, மேல்பக்கத்தை முழுதாகக் கட்டிலில் விரித்துவிட வேண்டும் என்று மூத்தவள் முடிவெடுத்தாள். வருகிறவள் அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மிஷினைத் தூக்காமல், பழையபடி அதன் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் யாராவது கேட்டிருந்தால், துண்டுத்துணி வீணாகக் கிடக்கிறது, அதற்காகத்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பாள்.

நாலு நாள் மிஷினோடு மல்லுக்கட்டினாள். நூல் அறுந்தது. ஊசி ஒன்று முறிந்தது. கெண்டைக்கால் கட்டிக்கொண்டது. சனிக்கிழமை காலை நாலு வரிசையும் முடிந்தன. இஸ்திரி போட்டு, தங்கையின் வரிசைமேல் தன் வரிசையை வைத்துப் பிடித்தாள். எந்தச் சதுரமும் எந்தச் சதுரத்தோடும் பொருந்தவில்லை. கடைக்கோடியில் அவளுடைய வரிசை நாலரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டேப்பை எடுத்து அளந்த பிறகுதான் புரிந்தது. வழக்கம்போலத் தங்கையின் கைக்காகப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறாள். தைத்ததோ தன் கை. கால் அங்குலத்திலேயே ஓட்டிவிட்டது. இரண்டு சதுரம் சேரும் ஒரு மூட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலம் மிச்சம், பத்துச் சதுரத்துக்கு ஒன்பது மூட்டு. தங்கை போய்விட்டாள் என்பது கத்தரிக்கு இன்னும் தெரியவில்லை.

பிரித்து அரை அங்குலத்தில் தைத்தால் தீர்ந்தது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் போனை எடுத்தாள்.

"நீ எவ்வளவு உள்ளே தள்ளித் தைப்பே? போர்வை வரிசை சேர மாட்டேங்குது."

மறுமுனையில் தங்கை சொன்னாள்: "அரை அங்குலம்."

"அவ்வளவு எதுக்குடி? கால் போதாதா?"

"நீ அரை விட்டு வெட்டினே, நான் அரையில தைச்சேன். வந்த புதுசுல கால்லதான் தைச்சேன்க்கா. போட்டவங்களுக்கெல்லாம் சட்டை தொளதொளன்னு நின்னுச்சு. உன் கத்தரி தாராளம்னு நானே சரிபண்ணிக்கிட்டேன். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

மூத்தவளுக்கு, வந்த புதிதில் தங்கை அழுதுகொண்டே தைத்ததும், தையல் கோணுமே என்று தான் கூடுதலாக விட்டதும் நினைவிருந்தது. அதைச் சொல்லி வாதாடலாம். வாதாடவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தது அதுவே முதல் தடவை.

"ஐயோ, விடுக்கா. கோபமெல்லாம் எப்பவோ போச்சு." தங்கையின் குரல் லேசாகியிருந்தது. "மிஷின் அங்கேயே இருக்கட்டும். நீதான் இப்ப தைக்கப் பழகிட்டியே. இங்க வைக்கவும் இடமில்லை. வீம்புக்குத்தான் கேட்டேன். எனக்கும் இங்க பழகிப்போச்சு. நாளைக்கு அவனையும் அலைய வேண்டாம்னு சொல்லிடறேன்."

"நீ?"

"ஒரு நாள் வரேன்க்கா."

"சரி" என்று சொல்லிப் போனை வைத்தாள். சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு முதல் வரிசையைப் பிரிக்க உட்கார்ந்தாள். கோபம் கொஞ்சம் மிச்சமிருந்திருந்தால் நாளைக்கு வந்திருப்பாள் என்று தோன்றியது. அழுகை வந்தது. அவள் அடக்கவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்?