முப்பத்துமூன்று அடி

ஸ்பேனர் நட்டில் மாட்டிக் கிரீச்சிடும் சத்தம் உள்ளே கேட்டதும், கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அன்புக்கரசி எழுந்தாள். பெண்கள் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். கையை உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

ஷாமியானாவுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் நடுவே முப்பத்துமூன்று அடி உயரத்துக்கு அவளுடைய ஆன்டெனா நின்றது. கணவனின் அண்ணன் தேவநாதன் அதன் அடியில் ஸ்பேனரோடு குந்தியிருந்தார்.

"அதுல கை வெக்காதீங்க மாமா."

"பாடை கட்ட எடம் வேணும். இதுக்குப் பள்ளம் வெட்டித்தான என் தம்பி போனான்? இன்னும் நிக்கணுமா இது?"



சுனாமியன்று கடலூரில் இருந்த தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று அவளுக்கு இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஹாம் ரேடியோக்காரர் மூலம்தான் சேதி வந்தது. தானும் வீட்டில் அப்படியொரு ரேடியோ வைப்பதென்று அன்றைக்கே முடிவெடுத்தாள். பரீட்சை எழுதி லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. கணவன் ராஜ்மோகன் ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆன்டெனா கம்பியைக் குறுக்கே இழுத்துக் கட்டப் பக்கத்து வீட்டுப் பச்சமுத்து சுவரில் ஆணியடிக்க விடாதபோது, "அப்ப நெட்டுக்குத்தா நிறுத்திடுவம்" என்றான். வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் தானே சுட்டெடுத்த பீங்கானை, மின்சாரம் மண்ணில் இறங்காதபடி ஆன்டெனா குழாயின் அடியில் வைத்தான். நெட்டுக்குத்தாக நிற்கும் ஆன்டெனாவுக்கு மண்ணுக்குள்ளே சுற்றிலும் செப்புக் கம்பிகள் ஓட வேண்டும். பதினாறில் பன்னிரண்டைப் புதைத்துவிட்டான். அடுத்ததற்குப் பள்ளம் வெட்டும்போதுதான், நேற்றுக் காலை, மண்வெட்டியோடு சாய்ந்தான்.

"எனக்காவத்தான் வெட்டுனாரு," என்றாள். "நான் இல்லன்னு சொல்லல. அவரு நட்டத நீங்க புடுங்கிட்டா, அவரு எதுக்கு வெட்டுனாருன்னு ஆவும்?"

"பொணத்த உள்ள வெச்சிக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

"பாடைய தெருவுல கட்டுங்க. இத எறக்க வுட மாட்டன்."

கையை நீட்டினாள். தேவநாதன் ஸ்பேனரைக் கையில் தரவில்லை, தரையில் போட்டார். அவள் குனிந்து எடுத்து, அவர் தளர்த்தியிருந்த நட்டை இறுக்கினாள். முழுதாக இறுகும்வரை விடவில்லை.

பாடையைத் தெருவில்தான் கட்டினார்கள்.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு மணிமுத்தாற்றங்கரைக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அன்புக்கரசி ஈரப் புடவையோடு வாசலிலேயே நின்றாள்.

"தலைய தொவட்டிக்கிட்டு உள்ள வாம்மா," என்றாள் தேவநாதனின் மனைவி பூவாயி.

"வரேங்க்கா."

கழுவிய தண்ணீர் தெருப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம், இடி விழுந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி உப்பும் கரியும் போட்டுக் கம்பி இறக்கிய எர்த்துக் குழி வெயிலில் வெடித்துக் கிடந்தது. ஈரமில்லாவிட்டால் எர்த்து வேலை செய்யாது. அவள் குதிகாலால் மண்ணைக் கீறித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். எவ்வளவு வந்தும் குழி நிரம்பவில்லை.